ஹஸ்ரத்தா, யூடியூபா? சேலத்திலிருந்து கேள்வி பதில்

வேலூர் மதரஸாவில் ஏழு வருஷம் மார்க்கக் கல்வி ஓதியவன், இப்போது சேலத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மார்க்கமும் மொபைலும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்; மார்க்கச் சந்தேகத்தைப் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் (இமாமிடம்) கேட்பதா, யூடியூபில் தேடுவதா என்று குழம்புகிறவர்கள் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைக்காரர்: பாய், மனைவியின் நகைக்கு ஜகாத் (கட்டாய தர்மம்) உண்டா என்று தேடினேன். ஒரு வீடியோ கட்டாயம் என்கிறது, அடுத்தது போட்டுக்கொள்கிற நகைக்குக் கிடையாது என்கிறது. யார் பொய் சொல்கிறார்?

யாரும் இல்லை. ஹனஃபி, ஷாஃபி என்று இரண்டு மத்ஹப், அதாவது மார்க்கச் சட்ட வழிகள்: ஹனஃபியில் அணிகிற நகைக்கும் உண்டு, ஷாஃபியில் வழக்கமாக அணிவதற்கு இல்லை. எந்த வீடியோவைக் காட்டுவது என்று முடிவுசெய்கிற யூடியூப் அல்காரிதத்துக்கு உங்கள் மத்ஹப் தெரியாது, இரண்டையும் அடுத்தடுத்துத் தள்ளிவிடுகிறது. இதையே பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டால், பதில் சொல்லும் முன் அவர் உங்களை நாலு கேள்வி கேட்பார்: எந்த மத்ஹப், எத்தனை பவுன், கடன் இருக்கிறதா, வருஷம் முடிந்ததா. வீடியோ திருப்பிக் கேட்காது. அப்புறம் உங்கள் பட்டறை: விற்க வைத்திருக்கும் சொந்தக் கொலுசு வியாபாரச் சரக்கு, நிசாப் (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச) அளவு இருந்து வருஷமும் ஆகியிருந்தால் இரண்டு மத்ஹபிலும் 2.5 சதவீதம். கூலிக்கு வாங்கிச் செய்கிற வெள்ளி கொடுத்தவருடையது, அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அம்மாப்பேட்டை: எனக்கு மட்டும் ஏன் வரிசையாக 'ஹராம்' வீடியோவே வருகிறது?

நின்று பார்க்கிறீர்கள், அதனால்தான். எத்தனை பேர் கிளிக் பண்ணினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு யூடியூப் 2012-லேயே மாறிவிட்டது. போன வாரம் சர்வீஸுக்கு வந்த ஒரு போனில் ஸ்பீக்கரைச் சோதிக்க 'பிறந்தநாள் கேக் ஹராமா?' என்ற ஷார்ட்ஸை முழுசாக ஓடவிட்டேன். அப்புறம் தள்ளத் தள்ள கேக், பலூன், மெழுகுவர்த்தி. (போன்காரர் என்னைத் திட்டியிருப்பார்.) 'இதில் கருத்து வேறுபாடு உண்டு' என்று தொடங்குகிற ஆலிமை (மார்க்க அறிஞரை) மூன்று நொடியில் தள்ளிவிட்டு, விரல் நீட்டிக் கத்துகிறவரை முழுசாகப் பார்க்கிறோம். அதைக் கண்டு நன்றாக ஓதிய இளம் ஆலிம்களும் கத்தப் பழகுகிறார்கள், எனக்கு வருத்தமே அதில்தான்.

பெயர் வேண்டாம்: லட்சம் பேர் பின்தொடர்ந்தால் ஆலிம்தானே?

இல்லை. யாரிடம் ஓதினார், அவருடைய உஸ்தாத் (ஆசிரியர்) யார் என்ற சங்கிலிக்குத்தான் ஸனது என்று பெயர். நீல டிக்கை இப்போது மாதக் காசு கட்டியே வாங்கலாம்.

ஏற்காடு, ஒரு சகோதரி: பெண்கள் விஷயத்தை ஹஸ்ரத்திடம் கேட்கக் கூச்சம். மொபைலும் கூடாது என்றால் எங்கே போவது?

நியாயமான கோபம். மாதவிடாய், குளிப்புச் சட்டமெல்லாம் ஆண்கள் நிறைந்த இடத்தில் எப்படிக் கேட்பது? ஜமாஅத்தில் நாங்கள் அடைத்தே வைத்திருந்த வாசலை மொபைல் திறந்துவிட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்கள் மதரஸாவில் ஓதிய ஆலிமா யாராவது ஒருவருடைய நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போது உங்கள் மத்ஹபை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

பொன்னம்மாப்பேட்டை: பெருநாள் எந்த நாள் என்கிற பிறைச் சண்டையும் இந்த அல்காரிதத்தால்தானா?

அது யூடியூப் பிறப்பதற்கு முன்பே இருந்தது பாய். எங்கள் வீட்டில் தலைமை காஜியின் பிறை அறிவிப்பைப் பார்த்துத்தான் பிரியாணிக்கு அரிசி ஊறப்போடுவோம்.