ஏற்காட்டில் எட்டு அங்குலத் தொலைநோக்கியை வைத்து இளம் மூன்று விண்மீன் அமைப்பின் நிறையை அளக்க முடியுமா?

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஏற்காட்டிலிருந்து எட்டு அங்குலக் குழாயால் டி டாரி (ரிஷப ராசி பக்கம் இருக்கும் இளம் மூன்று விண்மீன் அமைப்பு) போன்ற ஒன்றைப் பிரித்துப் பார்த்து அளக்க முடியுமா? முடியாது. அதன் சுற்றுப்பாதையையும் நிறையையும் சேலத்தில் உட்கார்ந்து ஒரு மாணவர் கணக்கிட முடியுமா? தாராளமாக முடியும். கேட்டவர் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர், ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறார், "இதெல்லாம் நாசா செய்கிற வேலை" என்று வழிகாட்டி கைகழுவிவிட்டார் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் இந்த வரியை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றது பொருந்தும்.

எட்டு அங்குலம் என்றால் 203 மில்லிமீட்டர். 116ஐ இதால் வகுத்தால் 0.57 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்செகண்ட்), அதைவிட நெருக்கமான இரண்டு விண்மீன்களை இந்தக் கண்ணாடி பிரிக்காது. டி டாரியில் வடக்கு விண்மீனுக்கும் தெற்கு இணைக்கும் உள்ள இடைவெளி சுமார் 0.7. ஏட்டில் எட்டுகிற தூரம்தான். ஆனால் தெற்கு இணை தூசிக்குள் புதைந்து கிடக்கிறது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தென்படாது. 1982இல் அகச்சிவப்பில்தான் அது அகப்பட்டது. அதுவே இரண்டு விண்மீன் என்று 2000இல் தெரியவந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே ஓர் ஆர்க்செகண்டில் பத்தில் ஒரு பங்குதான். 8, 10 மீட்டர் கண்ணாடி, காற்றின் அலைவை உடனுக்குடன் திருத்தும் கருவி, 2.2 மைக்ரான் அலைநீளம் எல்லாம் சேர்ந்தால்தான் அவை பிரியும். அப்படிப் பிரித்து எடுத்த நிலைகள் ஆண்டுவாரியாக ஆய்வுக் கட்டுரைகளில் அட்டவணையாகவே இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகள் வைக்கும் ஆர்க்சிவ் தளத்திலும், வானியல் தரவு வைக்கும் விசியேர் பட்டியல்களிலும் காசில்லாமல் கிடைக்கும். உங்கள் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் வருவார்: மூன்று பொருள் சிக்கலுக்குத் தீர்வே கிடையாதே, எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று. பொதுவான மூடிய தீர்வு இல்லை என்பது சரிதான். ஆனால் விண்மீன் மும்மைகள் பெரும்பாலும் படிநிலையில் அமைந்தவை: இரண்டு நெருங்கிச் சுற்றும், மூன்றாவது தொலைவில் நின்று அந்த இணையைச் சுற்றும். டி டாரியில் உள் இணையின் சுற்றுக்காலம் 27 ஆண்டு, வெளிச்சுற்று பல நூறு ஆண்டுக்கு மேல். இரண்டு தனித்தனிக் கெப்ளர் பாதைகளாக, அதாவது நீள்வட்டங்களாகப் பிரித்தால் வரும் பிழை, இன்றைய அளவீட்டுப் பிழையைவிடச் சிறியது. இன்னொரு இளம் மும்மையான ஜிடபிள்யூ ஓரியானிஸில் உள்ளே 242 நாள், வெளியே சுமார் பதினொன்றரை ஆண்டு, அதாவது 17 மடங்கு. அங்கும் தொடக்கக் கணக்குக்கு இது போதும்.

மொத்த நிறை மலிவாகக் கிடைக்கும். தெற்கு இணையின் அரைநெட்டச்சு (நீள்வட்டத்தின் நீண்ட விட்டத்தில் பாதி) சுமார் 85 மில்லி ஆர்க்செகண்ட், தொலைவு 146.7 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு). இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 12.47 வானியல் அலகு (ஓர் அலகு பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்). அதன் கனம் (மும்மடி) 1939. சுற்றுக்காலம் 27இன் வர்க்கம் 729. வகுத்தால் 2.66 சூரிய நிறை. பிளஸ் டூ கணக்குதான். ஆனால் 2.66ஐ தெற்கு இணையின் ஏ, பி என்ற இரண்டு விண்மீன்களுக்கும் எப்படிப் பங்கிடுவது? ஒன்றைப் பொறுத்து மற்றொன்று எப்படி நகர்கிறது என்பதை மட்டும் எத்தனை ஆண்டு அளந்தாலும் பங்கு வராது.

வடக்கு விண்மீன் இங்கேதான் கைகொடுக்கிறது. மூன்றாவது இருப்பது தொல்லை என்று நினைக்கிறார்கள். அளப்பவருக்கு அது நில அளவைக்காரர் நட்ட சர்வே கல். தெற்கு ஏ, தெற்கு பி இரண்டின் நிலையையும் வடக்கைப் பொறுத்து எடுங்கள். இணையின் நிறைமையம் வடக்கைப் பொறுத்து மெதுவாக, லேசாக வளைந்து போகும். அதற்கு ஒரு தொடக்க நிலை, ஒரு வேகம், ஒரு முடுக்கம், இவற்றை இரண்டு திசைகளிலும் வைத்தால் ஆறு மாறிலிகள். அந்த மையத்தைச் சுற்றி ஏ எவ்வளவு ஆடுகிறது, பி எவ்வளவு ஆடுகிறது என்பதன் விகிதம்தான் நிறை விகிதத்தின் தலைகீழ். பியின் பங்கு மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. அதனால் 85இல் ஐந்தில் ஒரு பங்கு, 17 மில்லி ஆர்க்செகண்ட், ஏயின் ஆட்டம். ஒவ்வொரு அளவீட்டிலும் பிழை 1, 2 மில்லி ஆர்க்செகண்ட் என்றால் இது நன்றாகவே தெரியும். ஏ சுமார் 2.1, பி சுமார் 0.5 என்று இப்படித்தான் வந்தது. இணை மட்டும் தனியாக இருந்திருந்தால் இதற்குப் பின்னணி விண்மீன்களையோ நிறமாலையையோ தேடிப் போகவேண்டும். தூசியில் மூழ்கிய விண்மீனுக்கு நல்ல நிறமாலை எடுப்பது லேசில்லை.

அட்டவணையை எடுத்ததும் புள்ளிகளுக்குப் பாதையைப் பொருத்தத் தொடங்காதீர்கள். எல்லா வேலையும் கெடுவது இங்கேதான். இடைவெளியும் நிலைக்கோணமும் கொடுத்திருப்பார்கள். கோணம் வடக்கிலிருந்து கிழக்கு வழியாக எண்ணப்படுவது. இடைவெளியைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் கிழக்கு, கொசைனால் பெருக்கினால் வடக்கு. பள்ளிக்கூடப் பழக்கத்தில் எக்ஸ் அச்சிலிருந்து கோணத்தை எடுத்தால் பாதை கண்ணாடிப் பிம்பமாகிவிடும். நிறை சரியாக வந்துவிடுவதால் தப்பு கடைசிவரை தெரியாது. அடுத்தது கேமராவின் அளவுகோல். கெக் தொலைநோக்கியின் நிர்க்-2 கேமராவில் 2015 ஏப்ரலுக்கு முன் ஒரு பிக்சல் 9.952 மில்லி ஆர்க்செகண்ட், பின் 9.971. வித்தியாசம் 0.2 சதவீதம்கூட இல்லை. ஆனால் வடக்கு–தெற்கு 700 மில்லி ஆர்க்செகண்டில் அது 1.3 ஆகிறது, மொத்தப் பிழைக்குச் சமம். அதே கேமராவின் வடக்குத் திசைத் திருத்தம் கால் டிகிரி. விட்டுவிட்டால் 3 மில்லி ஆர்க்செகண்ட் பக்கவாட்டில் ஓடும். அட்டவணையில் இந்தத் திருத்தங்கள் ஏற்கனவே செய்யப்பட்டவையா என்று கட்டுரையின் இரண்டாம் பகுதியைப் படித்துப் பாருங்கள். இரண்டு முறை திருத்திவிட்டு விழிப்பவர்களும் உண்டு.

இளம் விண்மீனுக்கே உரிய தொல்லை இன்னொன்று. முதியவற்றில் பிரகாசமானதை முதன்மை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இங்கே தூசி மறைப்பும் வாயு விழுவதும் மாறிக்கொண்டே இருப்பதால் ஏ, பி இரண்டில் எது பிரகாசம் என்பதே ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெயர் மாறிப்போன ஒரே ஒரு புள்ளி நிலைக்கோணத்தை 180 டிகிரி புரட்டிவிடும். எல்லாப் புள்ளிகளையும் தாளில் குறித்து, காலவரிசையில் கோட்டால் இணைத்துப் பாருங்கள். குறுக்கே பாயும் புள்ளி கண்ணிலேயே பட்டுவிடும்.

பொருத்தும் முறைக்கு வருகிறேன். ஏழு மாறிலிகள்: காலம், அண்மைப்புள்ளி நேரம் (இரண்டும் மிக நெருங்கும் நேரம்), மையவிலகல் (வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டது), அரைநெட்டச்சு, சாய்வு, கணுக்கோணம், அண்மைக்கோணம். ஏழையும் ஒரே நேரத்தில் கணினியிடம் எறிந்தால் அது எங்காவது ஒரு பள்ளத்தில் விழுந்து கிடக்கும். முதல் மூன்றை மட்டும் கட்டங்களாக ஓட்டுங்கள். காலம் 20 முதல் 40 ஆண்டு கால் ஆண்டுப் படியில், அண்மைப்புள்ளி நேரம் ஒரு சுற்றுக்குள் நூறு இடம், மையவிலகல் 0 முதல் 0.95 வரை 0.02 படியில். ஒவ்வொரு கட்டத்திலும் நேரத்திலிருந்து பாதையில் இடத்தைத் தரும் கெப்ளர் சமன்பாட்டை நியூட்டன் முறையில் தீருங்கள். பெரும்பாலும் நாலைந்து சுற்று போதும், மையவிலகல் 0.8ஐத் தாண்டினால் தொடக்க மதிப்பாக π (பை) எண்ணை வையுங்கள். மீதி நான்கும், அவற்றுக்குப் பதிலாக வைக்கும் தீல்–இன்னஸ் மாறிலிகளாக, நேரியல் சமன்பாட்டில் ஒரே அடியில் வந்துவிடும். நாலு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட கட்டங்கள் ஆகும்; சாதாரண லேப்டாப்புக்கு இது ஒரு வேலையே இல்லை. கிடைத்த மிகச் சிறந்த கட்டத்திலிருந்து மீச்சிறு வர்க்க முறையால் நுணுக்கி, பிறகு எம்சீ (emcee) போன்ற, பொருந்தும் பாதைகளை ஆயிரக்கணக்கில் மாதிரியாக எடுக்கும் பைத்தான் தொகுப்பால் பிழை வரம்பு காணுங்கள். ஆர்பிட்டைஸ் என்ற தயார் தொகுப்பும் உண்டு. ஆனால் முதல் முறை கையால் எழுதுங்கள், வைவாவில் கேட்பார்கள்.

பாதையில் பாதிக்கும் குறைவாகவே புள்ளி இருந்தால் காலமும் அரைநெட்டச்சும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எங்கோ போகும். பயப்படவேண்டாம்; அரைநெட்டச்சின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்த எண், அதாவது நிறை, அவ்வளவு அலையாது. ஆகவே நிறையின் பிழையைத் தனித்தனிப் பிழைகளைக் கூட்டிக் கணக்கிடாமல், எம்சீ தரும் ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் நேராக எடுக்கவேண்டும். டி டாரியில் இந்தக் கவலை குறைவு. முதல் நிலை 1997 கடைசியில் எடுக்கப்பட்டது, 2025 வாக்கில் ஒரு முழுச் சுற்று ஆகிவிட்டது.

தொலைவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இந்த முறையில் நிறை தொலைவின் கனத்துக்கு ஏற்ப மாறும். 1 சதவீதப் பிழை 3 சதவீதமாகும். டி டாரி இருக்கும் ரிஷப மேகம் என்றால் 140 பார்செக் என்று பழைய புத்தகத்தில் பார்த்துப் போட்டால் 2.66க்குப் பதில் 2.31 வரும். கையா செயற்கைக்கோளின் பாரலாக்ஸைக் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரிவது, தொலைவு அதிலிருந்தே வரும்) கண்ணைமூடி எடுப்பதும் ஆபத்து. அது ஒற்றை விண்மீன் என்று நினைத்துப் பொருத்தியது. நெருங்கிய இணை என்றால் ஆட்டமும் பாரலாக்ஸும் கலந்துவிடும். அந்தப் பொருத்தம் எவ்வளவு சரி என்று காட்டும் ரூவே (RUWE) என்ற எண்ணைப் பாருங்கள், 1.4ஐத் தாண்டினால் நம்பாதீர்கள். தெற்கு பி ரேடியோ அலை வெளியிடுவதால் கண்டம் தாண்டிய ரேடியோ வலையமைப்பால் அதன் பாரலாக்ஸை நேரடியாக அளந்தார்கள், 146.7, பிழை 0.6 பார்செக் என்பது அதுதான்.

ஜிடபிள்யூ ஓரியானிஸில் பாதை வேறு. தொலைவு சுமார் 400 பார்செக்; வெளிச்சுற்றே 22 மில்லி ஆர்க்செகண்ட், உள்சுற்று 3. ஒற்றைக் கண்ணாடி எதுவும் பிரிக்காது, பல தொலைநோக்கிகளின் ஒளியை இணைக்கும் குறுக்கீட்டுமானிதான் வேண்டும். ஆனால் நிறமாலை நன்றாக வரும். ஆரத்திசைவேகம் (நம்மை நோக்கியோ விலகியோ வரும் வேகம்) கிலோமீட்டரிலேயே கிடைப்பதால் தொலைவு தேவையில்லை. சாய்வு மட்டும் வெளியிலிருந்து வரவேண்டும், அதிலும் கவனம்: சாய்வு 80 டிகிரி என்றால் 1 டிகிரிப் பிழை நிறையில் 1 சதவீதம்கூட இல்லை, 30 டிகிரி என்றால் அதே பிழை 9 சதவீதம். சுற்றியுள்ள வாயுத்தட்டின் சுழற்சியிலிருந்தும் மொத்த நிறை எடுக்கலாம்; அது தொலைவுக்கு நேர்விகிதம். கனமாக மாறுவது, நேராக மாறுவது, மாறாதது என மூன்றும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்தால் தொலைவும் சரிபார்க்கப்பட்டுவிட்டது. 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில் மூன்று விண்மீன்களும் சுமார் 2.5, 1.4, 1.4 என்று வந்தன. இளம் விண்மீனின் கரும்புள்ளிகள் வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வரை பொய் வேகம் காட்டும். அது விண்மீன் தன்னைத்தானே சுற்றும் சில நாள் காலத்தில் திரும்பத் திரும்ப வரும், அகச்சிவப்பில் குறையும். அப்படிக் கண்டுபிடித்துக் கழிக்கலாம்.

எட்டு அங்குலம் வீண் என்று சொன்னதாக யாரும் கிளம்பவேண்டாம்.    

அந்தக் குழாயால் ஜிடபிள்யூ ஓரியானிஸின் பிரகாசத்தை அளக்கலாம். சுமார் 10ஆம் ஒளிப்படி. மிருகசீரிடத்தின் தலை விண்மீனிலிருந்து வடமேற்கே இரண்டரை டிகிரி. தட்டும் தூசியும் மறைக்கும்போது அது மங்குவது உண்டு. எப்போது மங்கியது என்ற பதிவு பாதைக் கணக்கோடு ஒப்பிட உதவும். வி வடிகட்டி, 30 முதல் 60 வினாடி, பத்துப் படங்களின் சராசரி. டார்க் (மூடி போட்டு எடுக்கும் படம்), ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) இரண்டும் திருத்தத்துக்குக் கட்டாயம். ஒப்பீட்டு விண்மீன்களை ஏஏவிஎஸ்ஓ (மாறும் விண்மீன்களைக் கவனிப்பவர்களின் அமெரிக்கச் சங்கம்) வரைபடத்திலிருந்து எடுங்கள். நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள். இந்திய நேரத்துக்கும் அதற்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசம் என்பது 0.23 நாள்.

ஒரு சிக்கல் ஏற்காட்டுக்கே உரியது. இந்த விண்மீன் ஊரின் அட்சரேகையை ஒட்டியே, கிட்டத்தட்ட நேர் உச்சந்தலையில் கடக்கும். காற்றுத்தடிமன் (ஒளி கடந்துவரும் காற்றின் அளவு) ஒன்று, அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஆல்ட்–அஸிமுத் தாங்கியின் (மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்புவது) மோட்டார் உச்சியில் சட்டென்று அரைவட்டம் திரும்பவேண்டியிருக்கும், படம் இழுபடும். உச்சிக்கு ஒன்றரை மணி முன்போ பின்போ எடுங்கள், காற்றுத்தடிமன் 1.08தான் ஆகும். லேடீஸ் சீட் பக்கம் வேண்டாம், கீழே சேலத்து விளக்கு முழுதும் மேலே அடிக்கும். ஊர் தாண்டி நாகலூர்ப் பக்கம், சில்வர் ஓக் மறைக்காத வெட்டவெளி பாருங்கள். நவம்பர், டிசம்பரில் மூடுபனியோடு மல்லுக்கட்டுவது வீண். ஜனவரி நடுவில் இரவு 10 மணி சுமாருக்கு உச்சிக்கு வரும், மார்ச் நடுவில் இருட்டுவதற்கு முன்பே உச்சியைத் தாண்டிவிடும். எந்த மாதமானாலும் முன்கண்ணாடியில் பனி இறங்கும். பனித்தடுப்புக் குழலும் சூடாக்கும் பட்டையும், அதற்கு 12 வோல்ட் பேட்டரி தனியாகவும் கொண்டுபோங்கள்.