ஏசி மெக்கானிக் அப்பாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்களும் அம்மாவும், மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கும் மகளோடு வெளிநாட்டு மேல்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வந்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள். "கம்ப்யூட்டர் சூட்டைக் குழாயில வீட்டுக்கு அனுப்புறாங்களாம் சார், அதுக்குப் போய்ப் படிக்கணுங்கிறா. இதை நம்பிக் கடன் வாங்கலாமா?" நின்ற நிலையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மகள் சொன்னது உண்மை. டென்மார்க்கில் ஓடென்ஸ் என்ற ஊரில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் டேட்டா சென்டர், அதாவது சர்வர் என்கிற கம்ப்யூட்டர்களை ஏராளமாக அடுக்கி ஓட்டுகிற கட்டடம், இருக்கிறது. சர்வர்கள் இழுக்கிற கரண்ட் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூடான காற்றைத் தண்ணீர் ஓடும் சுருள் குழாயின் மேல் விடுகிறார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகிறது. வீட்டைச் சூடாக்க அந்த வெதுவெதுப்பு போதாது. ஆகவே பக்கத்திலேயே பெரிய ஹீட் பம்புகளை, அதாவது ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்துக்குத் தள்ளுகிற இயந்திரங்களை, வைத்துச் சூட்டை ஏற்றி, ஊர் முழுக்க மண்ணுக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாயில் சேர்த்துவிடுகிறார்கள். சுமார் 6,900 வீடுகளுக்குப் போதுமான சூடு என்று சொல்லித் தொடங்கிய திட்டம் அது. டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு இப்படி ஊர்க்குழாய் வழியாகத்தான் குளிர்காலச் சூடு வருகிறது. நமக்கு முனிசிபாலிட்டி குடிதண்ணீர் மாதிரி அவர்களுக்கு வெந்நீர். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் டேட்டா சென்டர்களிடம் சூட்டை விலை கொடுத்தே வாங்குகிறார்கள்.

இனி உங்கள் கடைக்கு வருகிறேன். அன்று மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஹீட் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று வரையச் சொன்னேன். கம்ப்ரசர், கண்டென்சர், எவாப்பரேட்டர் என்று வரைந்துகொண்டே வந்தாள். நீங்கள் எட்டிப் பார்த்து, "கேபிலரியை விட்டுட்டியே பாப்பா" என்றீர்கள். அவள் சிரித்துக்கொண்டே அந்த மெல்லிய குழாயையும் வரைந்து சேர்த்தாள். ஐயா, அந்த ஊரில் ஓடுகிற ஹீட் பம்பின் உள்ளே இருக்கும் சுற்றும் இதே சுற்றுதான். அங்கே கேபிலரிக்குப் பதிலாக எக்ஸ்பான்ஷன் வால்வு இருக்கும், கம்ப்ரசர் ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டைப் பின்பக்கம் தள்ளுகிறது. அவர்கள் அந்தப் பின்பக்கச் சூட்டைப் பிடித்துப் பயன்படுத்துகிறார்கள். ஒரு யூனிட் கரண்ட் செலவழித்தால் மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கிடைப்பதால்தான் இந்தக் கணக்கே கட்டுப்படியாகிறது. இருபது வருஷமாக நீங்கள் கையில் பிடித்திருக்கிற தொழிலைத்தான் உங்கள் மகள் புத்தகத்தில் பிடித்திருக்கிறாள். ஸ்பேனர் பிடிக்கிற கஷ்டம் தன்னோடு போகட்டும், பிள்ளை சாஃப்ட்வேருக்குப் போகட்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரை ஆசையாகப் படிக்கிற பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அதை விடச் சொல்லிக் கோடிங் வகுப்பில் உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேலை கிடைக்குமா என்பதுதான் உங்கள் அடுத்த கவலை. ஜெர்மனியில் 2023-ல் ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய டேட்டா சென்டர் 2026 ஜூலையிலிருந்து தொடங்கினால், அதன் ஆற்றலில் 10 சதவீதத்தையாவது மறுபடி பயன்படுத்த வேண்டும். 2027 ஜூலையிலிருந்து 15, 2028 ஜூலையிலிருந்து 20 என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2024-ல் வந்த இன்னொரு சட்டம், ஒவ்வொரு ஊரும் தன் வீடுகளுக்கு வருங்காலத்தில் சூடு எங்கிருந்து வரும் என்று திட்டம் போட்டாக வேண்டும் என்கிறது. திட்டம் போடவும், குழாய் அளவு கணக்கிடவும், ஹீட் எக்ஸ்சேஞ்சர் தேர்ந்தெடுக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் மெக்கானிக்கல் படித்தவர்தான்.

ஆனாலும் "டேட்டா சென்டர் சூடு" என்ற பெயரை மட்டும் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சர்வர் வருஷம் முழுக்கச் சூட்டைக் கொட்டும். கோடையில் அதை வாங்க ஆள் குறைவு. டேட்டா சென்டர் ஊருக்கு வெளியே தூரத்தில் இருந்தால் குழாய்ச் செலவே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இப்படி நின்றுபோகிற திட்டங்களும் உண்டு. அதனால் ஹீட் பம்ப், ஊர் வெந்நீர்க் குழாய் அமைப்பு, குளிரூட்டல் மூன்றையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிற எனர்ஜி இன்ஜினியரிங் முதுகலையைத் தேடச் சொல்லுங்கள். அப்போது ஒரு கதவு மூடினாலும் அடுத்தது இருக்கும். சென்னையில் இந்தச் சூட்டுக்குத் தேவை இல்லை, நமக்குத் தெரியும். ஆனால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருக்கிற டேட்டா சென்டர்களைக் குளிர வைக்க இதே படிப்பு வேண்டும்.

பணத்தைப் பற்றி. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து மூன்றிலும் நம் பிள்ளைகள் கட்டணம் கட்டித்தான் படிக்க வேண்டும். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. சில இடங்களில் வாங்குகிறார்கள், முதலில் அதைப் பாருங்கள். விசாவுக்கு முன்னால் ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை, மாதாமாதம் கொஞ்சம் மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, நம் பணத்தில் பல லட்சம். ஒரே நாளில் திரட்டுகிற தொகை இல்லை. கடையை அடமானம் வைக்கலாமா என்று அம்மா மெதுவாகக் கேட்டார். வேண்டாம். கடைதான் உங்கள் வீட்டின் அடுப்பு.

அதற்குப் பதிலாக ஒரு வழி சொல்கிறேன். டான்ஃபாஸ், குருண்ட்ஃபாஸ் இரண்டும் டென்மார்க் நிறுவனங்கள்; அந்த ஊர் வெந்நீர்க் குழாய்களுக்கு வால்வும் பம்பும் செய்பவர்கள். டான்ஃபாஸுக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை இருக்கிறது. குருண்ட்ஃபாஸின் இந்திய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இவர்களிடமோ, ஒரு நல்ல ஏசி ஒப்பந்த நிறுவனத்திலோ முதலில் இரண்டு வருஷம் வேலை பார்க்கட்டும். கையில் காசும் சேரும், விண்ணப்பத்தில் எழுத அனுபவமும் இருக்கும். இருபத்து நான்கு வயதில் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

அந்த இரண்டு வருஷத்தில் ஜெர்மன் படிக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையனுக்குக் கல்லூரி, பாடம், உதவித்தொகை எல்லாம் பார்த்துக் கொடுத்தேன். பாடம் ஆங்கிலத்தில்தானே என்று மொழியைப் பற்றி அழுத்திச் சொல்லவில்லை. நல்ல மதிப்பெண்ணோடு படித்து முடித்தான். ஆனால் முனிசிபாலிட்டி வேலை என்றால் பிளம்பரிடமும் பேச வேண்டும், தெருவைத் தோண்டுகிறவரிடமும் பேச வேண்டும். அது முடியாமல் ஒரு வருஷம் கிடங்கில் பெட்டி அடுக்கினான். அது என் தவறு. உங்கள் மகள் விஷயத்தில் அது நடக்கக் கூடாது. இங்கேயே ஜெர்மனில் பி1 என்கிற நடுத்தர நிலை வரை முடித்துவிட்டுப் போகட்டும்.

கடைசி வருஷப் புராஜெக்ட் எதை எடுப்பது என்று கேட்டாள் அல்லவா? உங்கள் கடையிலேயே ஒரு ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் யூனிட்டைக் கொடுங்கள். அது வெளியே தள்ளுகிற சூட்டில் ஒரு டிரம் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எத்தனை டிகிரி ஏறுகிறது, அதற்குள் மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது என்று இருவரும் உட்கார்ந்து அளந்து எழுதுங்கள். கேஸ் லைனில் கைவைக்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள், கணக்கை அவள் போடட்டும். அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டை எடுத்து வாருங்கள். அதை வைத்துத்தான் விண்ணப்பக் கடிதம் எழுதப் போகிறோம்.