மருந்து போட்ட பிறகும் ஈர் தெரிகிறதே?

கேள்வி: யாங்கூனில் இருக்கிறோம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து எட்டு வயது மகள் தலையைச் சொறிந்துகொண்டே இருக்கிறாள். பேன் மருந்து போட்டதில் பேன் செத்தது, ஈர் போகவில்லை. மொட்டை அடித்துவிடலாமா?

பதில்: மொட்டை வேண்டாம் அம்மா. மகளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முடியை வகிர்ந்து பாருங்கள்.

பெண் பேன் ஒரு நாளைக்கு 6 முதல் 10 ஈர் வரை இடும். ஒவ்வொன்றையும் தோலுக்குப் பக்கத்தில், முடியோடு பசை வைத்து ஒட்டிவிடும். 7 முதல் 10 நாளில் அது பொரிந்துவிடும். முடியோ மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. அதனால் தோலைவிட்டு நன்றாகத் தள்ளி, வெள்ளையாக மினுங்குவது பெரும்பாலும் குஞ்சு வெளியேறிய வெறும் கூடு. தோலை ஒட்டிப் பழுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நகங்களுக்கு நடுவில் நசுக்கினால் 'டிக்' என்று வெடிக்கும். ஆனால் வெப்பமான ஊர்களில் தள்ளியிருக்கும் ஈருக்கும் உயிர் இருக்கலாம். நகரும் பேன் கண்ணில் பட்டால்தான் உறுதி. நெற்றியோர முடியில் காய்ந்த தனாக்கா (மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் பர்மியப் பூச்சு), பொடுகு எல்லாம் தட்டினால் உதிரும். ஈர் உதிராது, நகத்தால் உருவித்தான் எடுக்க வேண்டும்.

பல மருந்துகள் பேனைக் கொல்லும், எல்லா ஈரையும் கொல்லாது. மிஞ்சியது பொரிக்கும். அதற்காகத்தான் பெர்மெத்ரின் போன்ற மருந்தை 9ஆம் நாள் வாக்கில் மறுபடி போடச் சொல்கிறோம். அதைவிட நான் நம்புவது பேன்சீப்பைத்தான். தலையை நனைத்து கண்டிஷனர் தடவினால் பேன் ஓட முடியாது. அப்புறம் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மூன்று நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரம். புதுக் குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பிடித்துவிடலாம்.

மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் புண்ணாகும், தீப்பிடிக்கும்.

அழுக்கால் வருவதில்லை இது, மகளைத் திட்டாதீர்கள். பேன் குதிக்காது, பறக்காது; தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும். தலையைவிட்டு விழுந்தால் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. தலையணை உறையை வெந்நீரில் துவைத்தால் போதும். பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம், டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். மகள் பாட்டியோடு படுப்பாளா? அப்படியென்றால் பாட்டி தலையையும் இன்றைக்கே பாருங்கள்.