கல்லூரியை நம்பி வீடு: 26 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: அண்ணாமலைநகரில் வாடகைக்கு இருக்கிறோம். நான் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. சம்பளம் 32,000 ரூபாய். கணவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறார். மாதம் சராசரியாக 18,000 வரும். லீவு மாதங்களில் பாதிதான். வாடகை 6,500. அது போக மாதம் 12,000 சேமிக்கிறோம். கையில் 7 லட்சம் இருக்கிறது. 20 வருடப் பழைய வீடு ஒன்று 26 லட்சத்துக்கு வந்திருக்கிறது. 20 லட்சம் கடன் வாங்கி, பிறகு மாடியில் இரண்டு ரூம் கட்டி மாணவர்களுக்கு விட்டால் தவணையில் பாதி வந்துவிடும் என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் இந்த விலைக்கு வேண்டாம், தரகர் சொன்ன கணக்கிலும் வேண்டாம்.

உங்கள் சம்பளம், கணவரின் கடை, வரப்போகிற மாடி வாடகை, நாளைக்கு அந்த வீடு விற்கிற விலை, எல்லாமே கல்லூரிகளை நம்பித்தான் இருக்கின்றன. அது ஆடினால் என்ன ஆகும் என்று உங்கள் ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கி, 2013இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் மாநிலம் முழுக்க வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஓய்வு பெறும்வரை இங்கேதான் என்று நம்பி வீடு கட்டியவர்களும் அதில் உண்டு. அரசுச் சம்பளக்காரர்களுக்கே அந்த நிலை. தனியார் கல்லூரியில் சேர்க்கை குறைந்தால் முதலில் கை வைப்பது எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் தவணையை உங்கள் இருவர் வருமானத்தை வைத்துப் பார்க்காதீர்கள். உங்கள் சம்பளத்தில் மட்டும் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது 12,800 ரூபாய். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் 15 லட்சம் கடனுக்குத் தவணை 13,017. இருநூறு ரூபாய்தான் கூடுகிறது, அதுதான் உங்கள் எல்லை. 20 லட்சத்துக்கு 17,356 வரும்; கடை மந்தமான ஜூன் மாதத்தில் பள்ளி ஃபீஸும் சேர்ந்து வந்தால் நகை அடகுக் கடைக்குப் போய்விடும்.

‘வாடகை கொடுப்பது வீண்’ என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கணக்குப் போடுங்கள். நீங்கள் இப்போது இருப்பது போன்ற வீடுதானே அதுவும்? வருடம் 78,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீட்டுக்கு 26 லட்சம் கேட்கிறார்கள். சரியாக 3 சதவீதம். வங்கிக்கு நீங்கள் கட்டப்போவது 8.5. சொந்த வீடு வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அதற்கு ஒரு விலையும் கொடுக்கலாம். அவசரப்பட மட்டும் காரணம் இல்லை. ‘வரி மிச்சமாகும்’ என்ற வாதமும் உங்களுக்குப் பொருந்தாது. இந்தச் சம்பளத்துக்கு வரியே வராது.

மாடிக் கணக்கு இன்னும் மோசம். குளியலறையோடு 350 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 என்றாலே 7 லட்சம். நான்கு மாணவர்கள், தலைக்கு 1,500 வீதம் மாதம் 6,000. லீவு போக வருடத்தில் பத்து மாதம்தான், ஆக 60,000. அந்த 7 லட்சத்துக்கு மட்டும் 15 வருடத் தவணை மாதம் 6,893, வருடத்துக்கு சுமார் 82,700. மாடி தன் தவணையையே கட்டாது, கீழ்வீட்டுத் தவணையை எப்படிக் கட்டும்? பழைய தளம் மேலே கட்டடத்தைத் தாங்குமா என்பதை ஒரு பொறியாளர்தான் சொல்ல வேண்டும், தரகர் அல்ல.

கைக்காசுக்கு வருவோம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 26 லட்சத்துக்கு 2,34,000. பெண் பெயரில் பதிந்தால் கிடைக்கும் 1 சதவீதச் சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான், உங்களுக்கு வராது. வக்கீல் கருத்து, மதிப்பீடு, சில்லறைச் செலவு என்று ஒரு 50,000 வையுங்கள். வீட்டை 22 லட்சத்துக்குப் பேசி முடித்தால்கூட, கடன் 15 போக 7 லட்சம், பதிவுக்கு 1,98,000, மற்றவை 50,000. சுமார் 9.5 லட்சம் வேண்டும். இரண்டரை லட்சம் குறைகிறது. மாதம் 12,000 வீதம் சுமார் 21 மாதச் சேமிப்பு அது. அவசரத்துக்கென்று தனியாக ஒரு தொகையும் வேண்டும். அதை இதில் சேர்க்கவில்லை.

‘வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்காக அரசு குறித்திருக்கும் விலைக்கு) பதிந்துகொள்ளலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்’ என்று விற்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் விற்பவர் ரொக்கமாகப் பெறுவது சட்டப்படி கூடாது, பெற்ற தொகை அளவுக்கே அவருக்கு அபராதம் உண்டு. வங்கியும் பத்திரத்தில் உள்ள விலையைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும்.

உங்களுக்கு உண்மையிலேயே பயன்படக்கூடியது பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0. குடும்பத்துக்கு நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்குக்கு வரும். கடன் விண்ணப்பம் கொடுக்கும் அன்றே வங்கியில் இதைப் பற்றிக் கேளுங்கள்.

பத்திரம் பார்க்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: மனை யாருடையது? உங்கள் பக்கத்தில் கோயில் மனை, மடத்து மனையில் கட்டிய வீடுகள் நிறைய. கட்டடம் விற்பவருடையது, அடிமனை கோயிலுடையது. விலை மலிவாகத் தெரிவது பல சமயம் இதனால்தான். வங்கிக் கடன் கிடைக்காது, பத்திரப்பதிவும் நின்றுவிடும். 30 வருட வில்லங்கச் சான்றில் இது தெரியாமல் போகலாம். பட்டாவையும் நிலப் பதிவேட்டையும் வக்கீல் பார்க்கட்டும்.

கடன் வாங்கும்போது 20 வருடமே போடுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபருக்கு அபராதம் கிடையாது. ப்ராஜெக்ட், தீசிஸ் சீசனில் கடை நன்றாக ஓடும் இல்லையா, அப்போது வருடம் ஒரு 30,000 கூடுதலாகக் கட்டினால் கடன் சுமார் 14 வருடத்தில் முடியும்.

இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கான்சாகிப் வாய்க்கால் நிரம்பும்போது வாசலில் தண்ணீர் எதுவரை வருகிறது என்று பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள். பிறகு மாணவர்கள் ஊருக்குப் போய்விட்ட மே மாதத்தில் விலை பேசுங்கள். 22 லட்சம் என்று ஆரம்பியுங்கள்.