வெள்ளிக்கிழமை முதல் வகுப்பு

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. வந்தவர்களிலும் சிலர் முந்தைய இரவுக் குடியின் களைப்பில் மேசைமேல் கவிழ்ந்திருக்கிறார்கள். அடுத்த பருவத்தில் அவ்வகுப்பை நண்பகலுக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். மாணவர்களின் குடியைக் குறைக்க மருத்துவரை அழைத்து உரையாற்றச் சொல்லலாமா? பெற்றோருக்குத் தெரிவிக்கலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காலி இருக்கைகளைக் கண்டு வருந்தும் ஆசிரியர்மீது எனக்குப் பிரியம் உண்டு. மருத்துவர் உரையால் கேடொன்றுமில்லை, பெரிய பயனும் இல்லை. குடியின் தீமையை அறியாமலா அவர்கள் குடிக்கிறார்கள்? பெற்றோர் விவகாரத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால், வகுப்பை நண்பகலுக்கு மாற்றக் கேட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. வியாழன் இரவை நீங்களே அவர்களுக்குத் தாரை வார்த்துவிட்டு, பிறகு மருத்துவரைத் தேடுகிறீர்கள்.

எங்கள் பேராசிரியர் ஒருவர், யாரும் விரும்பாத அந்த வெள்ளி முதல் வகுப்பைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்வார். உள்ளே நுழைந்ததும் கரும்பலகையில் ஒரே ஒரு வினாவை எழுதுவார். மணி அடித்த ஐந்தாம் நிமிடம் விடைத்தாள்களை வாங்கிவிடுவார். குடியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. இருந்தும் விடுதி அறையில் இரண்டாவது புட்டியை எடுக்கும்போது, "காலையில் அந்த மனுஷன் இருக்கார்டா" என்று எவனாவது முனகுவான். அவரைத் திட்டிக்கொண்டே படுத்துவிடுவோம்.

இது என் நினைவின் மயக்கம் அல்ல. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக மாணவர்களைப் பல பருவங்கள் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியான ஆய்வும், வெள்ளி காலை வகுப்பு உள்ளவர்களைவிட இல்லாதவர்கள் வியாழன் இரவில் கூடுதலாகக் குடிப்பதைக் கண்டது. குடிப்பவர்கள்தாம் வெள்ளியைக் காலியாக வைத்துக்கொள்கிறார்கள் என்று நீங்கள் மறுக்கக்கூடும். ஒரே மாணவரின் வெவ்வேறு பருவங்களை ஒப்பிட்டபோதும் அந்த வேறுபாடு மறையவில்லை.

இன்னொன்று, "நேற்றிரவு கச்சேரி பலமோ?" என்று வகுப்பில் சிரிக்காதீர்கள். மாணவர்கள் தம் சகாக்களின் குடியை உள்ளதைவிட மிகையாக எண்ணுகிறார்கள் என்று பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986இலேயே எழுதிவிட்டார்கள். எல்லாரும் குடிக்கிறார்கள் என்ற அந்தப் பொய்க்கு உங்கள் நகைச்சுவை சான்றிதழ் ஆகிவிடும். வாரக்கணக்கில் தடுமாறும் மாணவரை மட்டும் தனியே அழைத்துப் பேசி, உளவள ஆலோசகரிடம் நீங்களே கூட்டிச் செல்லுங்கள்.

முதலில் அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த பருவத்திலும் வெள்ளி முதல் வகுப்பு உங்களுடையதாகவே இருக்கட்டும்; வாரத் தேர்வையும் அதிலேயே வையுங்கள்.