கால் பார்க்கும் டாக்டர் வைத்திருக்கும் வெப்பக் கேமராவால், துளை போட்ட உலோகத்தின் சூட்டையும் அளக்க முடியுமா?

முடியும். ஆனால் நான் முதல் நாள் ஏமாந்த மாதிரி ஏமாறாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்ன லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பிப்ரவரியில் உள்ளே நின்றால் சட்டையைப் பிழியலாம். அலுமினியக் கட்டையில் 20 மி.மீ. துளை, எச்7 அளவு. அதாவது 20.000-க்குக் குறையவும் கூடாது, 20.021-ஐத் தாண்டவும் கூடாது. துளை போட்ட கையோடு ரீமரையும் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) விட்டு, 'கோ' கேஜ் (துளை குறைந்தபட்ச அளவுக்கு வந்திருந்தால் மட்டும் உள்ளே போகும் அளவுக் கட்டை) போட்டேன், வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் காலை அதே கேஜ் துளையின் வாயிலேயே நின்றுவிட்டது.

சூடு செய்த வேலை. சூடானால் துளை சுருங்கும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள்; இல்லை, அதுவும் சேர்ந்து விரியும். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளும். 20 டிகிரி ஏறினால் என் துளை 9 மைக்ரான் பெரிது. எனக்கு அனுமதி இருப்பதே 21 மைக்ரான்!

சாட்ஸ்வர்த்தில் சர்க்கரை நோயாளிகளின் கால் பார்க்கும் நண்பரிடம் கேமராவை இரவல் வாங்கினேன். தொட்டால் கட்டை சுடுகிறது, திரையிலோ 34 டிகிரி. நான் நகர்ந்தால் எண்ணும் நகர்கிறது. உற்றுப் பார்த்தால் கட்டைக்குள் தெரிவது என் முகம்! பளபளப்பான அலுமினியத்தின் உமிழ்திறன் (தன் சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன், முழுமை என்றால் 1) 0.1-க்கும் கீழே, எதிரே நிற்பவன் சூட்டைத்தான் காட்டும். மனிதத் தோலுக்கு 0.98, எந்த நிறத் தோலானாலும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, கேமராவில் அதன் உமிழ்திறனாக 0.95 வைத்தேன்: 52 டிகிரி. (அடி மூடிய ஆழத் துளைக்குள் பார்த்தால் டேப் இல்லாமலே எண் நிஜத்தை நெருங்கும். கதிர் உள்ளுக்குள்ளேயே பலமுறை பட்டுத் தெறித்து வருவதால்.)

இந்த மாதிரிக் கேமராக்கள் 2 டிகிரி முன்னே பின்னே காட்டும். எனக்கு அது 1 மைக்ரான்கூட இல்லை, கவலையில்லை. நண்பருக்கோ 2.2 டிகிரிதான் எச்சரிக்கைக் கோடு. அதனால் அவர் தனி எண்ணை நம்புவதில்லை. காலுறையைக் கழற்றச் சொல்லி, கால் மணி நேரம் உட்கார வைத்து, இரண்டு பாதத்தையும் ஒரே படத்தில் எடுத்து, இடதின் அதே இடத்தை வலதோடு ஒப்பிடுவார். ஒரு பக்கம் அவ்வளவு கூடுதல் சூடென்றால், புண் வருமுன்னே உள்ளே அழற்சி இருக்கலாம்.

நான் இப்போது துளையை 19.8 மி.மீ.-இல் நிறுத்தி, கட்டை ஆறிய பிறகுதான் ரீமரைத் தொடுகிறேன்.