திரையில் மணல் தூவியதுபோல் இருக்கிறதே!

கேள்வி: குறைந்த செலவில் எடுத்த பழைய பேய்ப் படங்களை டிஸ்க்கில் வாங்கி வீட்டில் பார்ப்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே பைத்தியம். ஒரே பெட்டியில் ஐம்பது படம் என்று மலிவாகக் கிடைத்த டிவிடி தொகுப்பில் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ இருந்தது. பிடித்துப்போகவே, புதுப்பித்த புளூ-ரே பதிப்பையும் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். படம் முழுக்கப் பொடி மணல் தூவியதுபோல் புள்ளிகள்! பழைய டிஸ்க்கில் இது இல்லை. ஏமாந்துவிட்டேனா? என் மகன் டிவியில் எதையோ மாற்றிப் புள்ளிகளைக் குறைத்தான். இப்போது எல்லாரும் தொலைக்காட்சித் தொடரில் நடிப்பதுபோல் இருக்கிறது. என் மனைவியோ பத்து நிமிடம்கூட உட்காருவதில்லை. ‘குப்பை’ என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் ஏமாறவில்லை. மணல் என்று நீங்கள் சொல்வதுதான் படமே. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவம் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள்களால். முகம், மரம், கல்லறை எல்லாம் அந்தத் துகள்களின் கூட்டம்தான். பழைய டிஸ்க்கில் அவை இல்லாததற்குக் காரணம், பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி என்று எடுத்து எடுத்து அழிந்துபோனதுதான். துகளோடு சேர்ந்து கோட்டுத் துணியின் நெசவும் இலைகளின் விளிம்பும் போயிருக்கும். உடன்பிறந்த இருவர் கல்லறைக்குக் காரில் வரும் முதல் காட்சியை இரண்டு டிஸ்க்கிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வானத்தையும் மரக்கிளைகளையும் மட்டும் கவனித்தால் போதும், மீதியை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

அந்தப் படத்துக்கு மட்டும் ஏன் இத்தனை மோசமான டிஸ்க்குகள் என்று கேட்பீர்கள். இயக்குநர் ஜார்ஜ் ரொமீரோ 1968இல் அதை முடித்தபோது வேறு தலைப்பு இருந்தது. விநியோகஸ்தர்கள் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையோடு பதிப்புரிமை அறிவிப்பும் காணாமல் போனது. அந்த அறிவிப்பு இல்லாமல் வெளியானால் உரிமையே போய்விடும் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். அதனால் தேய்ந்த ஃபிலிமோ பழைய வீடியோ டேப்போ கையில் இருந்தவர் எவரும் அதை அச்சிட்டு விற்க முடிந்தது. இன்றும் விற்கிறார்கள். கேமராவில் ஓடிய மூல நெகட்டிவிலிருந்து அதை 4கே என்னும் மிகத் தெளிவான தரத்தில் மீட்டெடுத்தது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும். கிரைடீரியன் நிறுவனம் 2018இல் அதை டிஸ்க்காக வெளியிட்டது. உங்களிடம் இருப்பது அந்த மீட்பிலிருந்து வந்த பதிப்பு என்றால், அந்தப் படம் இதைவிட நன்றாகக் கிடைப்பது கடினம்.

இந்த வகைப் படங்களைப் பார்க்கிறவர் பழக வேண்டிய வித்தை ஒன்று உண்டு: எந்த ஏழ்மை படத்தினுடையது, எந்த ஏழ்மை டிஸ்க்கினுடையது என்று பிரித்தறிவது. ‘த டெக்சஸ் செயின் சா மாஸக்கர்’ படத்தை (1974) 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்து, திரையரங்குக்காக 35 மி.மீட்டருக்குப் பெருக்கினார்கள். 16 மி.மீ. ஃபிலிமில் ஒரு சட்டத்தின் (ஃபிரேமின்) பரப்பு 35 மி.மீ. சட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். துகள் பெரிதாகத் தெரியாமல் என்ன செய்யும்? அந்தச் சொரசொரப்பும் வெயிலும் வியர்வையும் சேர்ந்துதான் அந்தப் படத்தின் பயம். அது படத்தின் ஏழ்மை, காப்பாற்ற வேண்டியது. இருட்டுக் காட்சியில் கறுப்பு கட்டம் கட்டமாக உடைவதும், உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுவதும் டிஸ்க்கின் ஏழ்மை. அதற்குப் பரிதாபப்பட வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் விலை உயர்ந்த பதிப்பு தேவையில்லை. 1980களில் வீட்டு வீடியோ கேமராவிலேயே படம் எடுத்து, நேராகக் கேசட்டில் வெளியிட்டவர்கள் உண்டு. அவற்றுக்கு நெகட்டிவே கிடையாது, டேப்தான் மூலம். அதில் இல்லாத நுணுக்கத்தை எந்த புளூ-ரேயும் கொண்டுவராது. கூடுதல் பேட்டிகளுக்காக வாங்குகிறேன் என்றால் வாங்குங்கள், தெளிவுக்காக என்றால் பணம் வீண். உங்கள் ஐம்பது படப் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். அதில் உள்ள சில படங்களை எவரும் மீட்டெடுக்கப் போவதில்லை.

வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லை நான் நம்புவதில்லை. மூல நெகட்டிவிலிருந்தா, திரையரங்குப் பிரதியிலிருந்தா என்று எழுதியிருக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் பெருமையாகவே எழுதுவார்கள். மௌனம் காப்பவர்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. உலகின் எந்தப் பகுதிக்கான டிஸ்க் என்று காட்டும் மண்டலக் குறியையும் பாருங்கள். டிவிடிக்கு 1 முதல் 6 வரை எண்கள், புளூ-ரேவுக்கு ஏ, பி, சி. உங்கள் பிளேயரின் குறியோடு அது பொருந்தாவிட்டால் படம் ஓடாது. 4கே டிஸ்க்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் ஒரு வேடிக்கை உண்டு. நொடிக்கு 24 சட்டமாக எடுத்த படம் அதில் 25 ஆக ஓடும். 96 நிமிடப் படம் 92 நிமிடத்தில் முடிந்துவிடும். தணிக்கையில் நாலு நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

இனி மகன் செய்த வேலை. நொடிக்கு 24 சட்டம்தான் படத்தில் இருக்கிறது. இடையில் இல்லாத சட்டங்களை டிவி தானே கற்பனை செய்து செருகுகிறது. அசைவு வழுக்குவதும், நீங்கள் சொல்லும் தொடர் வாசனை அடிப்பதும் அதனால்தான். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது; பட அமைப்புகளில் அசைவு பற்றிய பகுதியில் தேடி அணைத்துவிடுங்கள். ‘இரைச்சல் குறைப்பு’ என்று இருப்பதையும் அணையுங்கள். புள்ளிகளை விழுங்கி, முகங்களை மெழுகு பொம்மையாக்கியது அதுதான். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற அமைப்பு உங்கள் டிவியில் இருந்தால் ஒரே அழுத்தத்தில் வேலை முடிந்தது. பிறகு ‘கூர்மை’யைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஆட்களின் தோள் விளிம்பில் தெரியும் வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். இந்தப் படங்களில் பாதி விஷயம் நிழலில்தான் நடக்கிறது.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி நியாயம். இந்த வகையில் குப்பை ஏராளம், அதை ரசிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். அவருக்கு நீங்கள் முதலில் போட்டுக் காட்டியது எது என்று எழுதவில்லை. பெட்டியிலிருந்து கைக்கு வந்ததைப் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962) போட்டுப் பாருங்கள். கல்வி, தொழில் துறைக் குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி, ஏறத்தாழ 33,000 டாலரில் எடுத்தது. வெளிறிய முகத்தோடு வரும் ஆவியும் அவரேதான். சொட்டு ரத்தம் கிடையாது. ஒரு விபத்தில் தப்பிப் பிழைத்த பெண், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்காகப் புது ஊருக்குப் போகிறாள். சில நேரம் சுற்றியிருப்பவர்கள் கண்ணுக்கு அவள் தெரிவதே இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதற்கும் அமெரிக்காவில் உரிமை இல்லாமல் போனதால் மோசமான டிஸ்க்குகள் மலிந்து கிடக்கின்றன. உங்கள் பெட்டியிலேயே ஒரு பிரதி இருக்கக்கூடும்; அதைப் போடாமல் மீட்டெடுத்த பதிப்பைத் தேடிப் பிடியுங்கள்.

படம் ஓடும்போது செலவுக் கணக்கையும் படப்பிடிப்புக் கதைகளையும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அதற்கென்றே டிஸ்க்கில் வர்ணனை ஒலித்தடம் இருந்தால், அவர் தூங்கிய பிறகு தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இதையும் பிடிக்கவில்லை என்று அவர் எழுந்துபோனால் விட்டுவிடுங்கள். ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவு அலறல்களால் வரும் வீட்டுச் சண்டையாவது குறையும்.